கத்தியில்லா எலும்பு மருத்துவமும் குழந்தைநல மருத்துவரும்

‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்னும் சொல்லை 1741இல் தந்த நிக்கோலா ஆந்ரி அறுவை மருத்துவர் அல்லர். பாரிசில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். ‘நேர்’, ‘குழந்தை’ எனப் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் ஆக்கிய சொல் அது. இன்று அதைக் கேட்டதும் அறுவை அரங்கே நினைவுக்கு வருகிறது. கத்தி படாத பகுதிக்குத் தனிப்பெயர்கூட இல்லை. ‘அறுவையற்ற’ என்று எதிர்மறையால்தான் சுட்டுகிறோம்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த எதிர்மறைக்குள்தான் பெரும்பகுதி அடங்குகிறது. ஒன்றரை வயதில் வில்போல் வளைந்த கால் பெரும்பாலும் தானே நிமிரும். ரிக்கெட்ஸ் நோயால் வளைந்த காலை அதிலிருந்து பிரித்தறிய வேண்டும். வளைபாதத்துக்குப் பொன்செட்டி முறையில் வாரந்தோறும் மாற்றும் மாவுக்கட்டு, பின்னர் நான்கைந்து வயதுவரை இரவில் அணியும் பிணைப்புக் காலணி. இடுப்பு மூட்டு நழுவல் முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்தால் பெரும்பாலும் பாவ்லிக் வார்ப்பட்டையே போதும். குழந்தை நடக்கத் தொடங்கியபின் தெரிந்தாலோ, பெரும்பாலும் அறுவைதான்.

அந்த ஆறு மாதங்களில் தடுப்பூசிக்காக அக்குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் எலும்பு மருத்துவர் அல்லர்.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் வளைபாதத்தையும் இடுப்புக் குறைபாட்டையும் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கண்டறிந்தபின் கைவைக்கப் பயின்றவர் அருகில் வேண்டாமா? அமெரிக்காவில் சில மருத்துவமனைகள் குழந்தைநல மருத்துவர்களுக்கே இத்துறையில் மேற்பயிற்சி அளிக்கின்றன. இங்கு அத்தகைய இடங்கள் பெரும்பாலும் அறுவை மருத்துவரை எண்ணியே வகுக்கப்படுகின்றன.

தவறாகப் போட்ட மாவுக்கட்டு பாதத்தைக் கெடுக்கும் என்ற எலும்பு மருத்துவர்களின் அச்சம் பொய்யன்று. ஆகவே வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு போதாது. அவர்களது மேற்பார்வையில் முழு ஓராண்டு வேண்டும். வளைபாதத்தில் பெரும்பாலும் தேவைப்படும் குதிநாண் வெட்டு அவர்களிடமே இருக்கட்டும்.