புதுக்கியவன் பெயர் எங்கே?

தோழா!

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் வட்டத்திலே நார்த்தாமலை என்றோர் ஊர் உண்டு. அந்தப் பக்கம் இயக்கப் பணிக்காகச் செல்லும் நாள் வாய்த்தால், கூட்டம் தொடங்குமுன் சற்றுப் பொழுது ஒதுக்கி, மேலமலை மீது ஏறிப் பார். மேற்கு நோக்கி நிற்கிறது விசயாலய சோழீச்சுரம் எனும் கற்றளி. ஒன்பதாம் நூற்றாண்டினது என்பர். சதுரச் சுவருக்குள்ளே வட்டக் கருவறை அமைத்த நுட்பத்தைக் கலை வல்லார் வியந்து பேசுவர், பேசட்டும். பத்தர் கைகூப்புவர், கூப்பட்டும். உன்னை நான் அனுப்புவது அங்குள்ள கல்வெட்டின் செய்திக்காக.

சாத்தன் பூதி இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி இது. மழையால் இடிந்து அழிந்தது. தென்னவன் தமிழதியரையன் என்னும் பட்டம் கொண்ட மல்லன் விடுமன் இதனைப் புதுக்கினான். இதுதான் அக்கல்வெட்டு சொல்லும் செய்தி.

எண்ணிப்பார், தோழா! கட்டியவன் யார் என்று கல் சொல்கிறது. கெடுத்தது எது என்று மறைக்காமல் சொல்கிறது. செப்பனிட்டவன் யார் என்றும் சொல்கிறது. மன்னராட்சிக் காலத்துக் கல்லுக்கு இருந்த நாணயம், மக்களாட்சிக் காலத்துக் கல்லுக்கு இருக்கிறதா? உன் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கல்லைப் பார். திறந்து வைத்தவர், தலைமை ஏற்றவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் என்று பெயர்கள் பளபளக்கும். பத்தாண்டு சென்றபின் அதே கட்டடத்தின் கூரையில் நீர் கசிந்ததை முதலில் கண்டவர் யார்? கண்டதை எழுதியவர் யார்? எழுதியதைப் படித்தவர் யார்? அதற்கெல்லாம் கல்லும் இல்லை, சொல்லும் இல்லை.

வண்டிகள் நிற்கும் கொட்டகையைப் பற்றியும், பேருந்துப் பணிமனையைப் பற்றியும், அடுக்குமாடி வாகன நிறுத்தகத்தைப் பற்றியும் பேசப் போகிறேன். ஒழுகும் கூரையும் உதிரும் காரையும்தான் இன்றையப் பொருள். “மொழியுரிமை இருக்கிறது, மாநில உரிமை இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு இதுதானா கிடைத்தது?” என்று நகைக்கத் தோன்றுகிறதா? பொறையாறு நினைவிருக்கிறதா என்று முதலில் சொல், பிறகு நகைப்போம்.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 20. அன்று நாகை மாவட்டத்திலிருந்து, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள பொறையாறு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறை. நாளெல்லாம் சக்கரத்தைப் பிடித்த கைகளும், படிக்கட்டில் நின்று சீட்டுக் கிழித்த கைகளும் தரையில் பாய் விரித்துத் துயின்றன. விடியற்காலை கூரை இடிந்து வீழ்ந்தது. 8 தொழிலாளர் மாண்டனர். அந்தக் கட்டடம் கட்டப்பட்டது 1943இல் என்றன ஏடுகள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கூரைக்கடியில், விடுதலை பெற்று எழுபதாண்டு கழிந்தபின், அரசின் ஊழியன் படுத்துறங்கினான்! குளத்தூர்ச் சாலையில் நீ ஏறிச் செல்கிறாயே, அந்தப் புதுக்கோட்டைப் பேருந்துகளும் அதே கும்பகோணம் கோட்டத்தின் கீழ்தான் ஓடுகின்றன. மாண்டவர் அயலார் அல்லர். உனக்குச் சில்லறை கொடுத்தவரின் உடன் பணியாற்றியவர்.

அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர், செப்டம்பர் 7 அன்று, கோவை மாவட்டம் சோமனூரில் பேருந்து நிலையக் கூரை சரிந்து 5 பேர் மாண்டனர். சோமனூர் எச்சரித்தது, பொறையாற்றின் கூரை அந்த எச்சரிக்கை கோட்டையில் கோப்பாகும்வரை காத்திருக்கவில்லை. உதவித்தொகை அறிவித்தனர், இரங்கல் உரைத்தனர், ஆய்வுக்கு ஆணையிட்டனர். இறந்தபின் ஆய்வு செய்வதிலே நம்மவர்க்கு நிகர் நம்மவரே!

“திடீரென இடிந்தது” என்பார்கள். அந்தத் ‘திடீர்’ என்னும் சொல்லை நம்பாதே, தோழா. ஒழுகும் கூரை பல ஆண்டுகள் முன்னறிவிப்புக் கொடுத்த பின்னரே இடிகிறது.

கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்குக் கான்கிரீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று எதிர்முகாம் ஏடு எழுதக்கூடும். உண்மைதான், பட்டம் இல்லை. ஆனால் கேட்கக் காது இருக்கிறது. குளத்தூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர், கொத்து வேலையில் நரைத்தவர், என்னிடம் சொன்னார்: “தண்ணிக்கு ஒக்கார எடம் குடுத்தா, தம்பி, அது வீட்டையே எழுதி வாங்கிக்கும்.” பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதும் அதைத்தான்.

கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. விரிசல் வழியே நீர் நுழைகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவும் நுழைகிறது. ஆண்டுதோறும் காரம் குறைகிறது. கடற்கரையோர உப்புக்காற்று சேர்ந்தாலோ கேடு இருமடங்கு விரைவு. காவல் போன கம்பி துருவேறுகிறது. துருவுக்கு ஒரு தீய குணம்: அது தின்ற இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்குவரை பருத்து நிற்கும். இடம் போதாமல் உள்ளிருந்தே காரையைப் பிளக்கும். முதலில் கூரையடியில் பழுப்புக் கறை; பிறகு கம்பியின் வழியே நீண்ட விரிசல்; பிறகு தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும்; பிறகு சில்லுச் சில்லாய் உதிரும்; கம்பி விலாவெலும்புபோல் தெரியும். இவ்வளவும் பேருந்துக்குக் காத்து நிற்பவன் தலைக்குமேல் நடக்கிறது. மேலே வண்டிகள் ஏறி நிற்கும் தளம் என்றால் பாரம் உண்டு, அதிர்வு உண்டு, சக்கரத்தோடு வரும் மழைநீரும் எண்ணெயும் உண்டு.

இதற்கு மருந்து இல்லையா? உண்டு. முதலில் முட்டுக்கொடுத்துப் பாரத்தைத் தாங்கவேண்டும். தளர்ந்த காரையைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தி எடுக்கவேண்டும். துருவைச் சுரண்டித் தடுப்புப் பூச்சுப் பூசவேண்டும். மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிப் புதுக்காரை நிரப்பவேண்டும். அதன்பின் மேலே ஏறவேண்டும். நோய் கீழே தெரிகிறது. அதன் வேர் மேலே இருக்கிறது. மேல்தளத்தில் நீர் வழிந்தோட வாட்டம் வேண்டும். குப்பை அடைத்த நீர்போக்கிகளைத் திறக்கவேண்டும். தளத்துண்டுகள் சேரும் இடைவெளிகளை அடைக்கவேண்டும். அதன்மேல் நீர்புகாப் படலம் விரிக்கவேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்தப் படலமும் கிழடாகும், மறுபடி விரிக்கவேண்டும். இவற்றுள் நம் அலுவலகங்கள் தவறாமல் செய்வது எது தெரியுமா? பெரிய மனிதர் வருகைக்கு முதல்நாள், கறையின்மேல் வெள்ளையடிப்பது! நாடகம் எழுதுபவன் நான். கிழிந்த படுதாவுக்கு வண்ணம் பூசி அரண்மனை ஆக்குவது எங்கள் தொழில். ஆனால் எங்கள் அரண்மனை விழுந்தால் எவரும் சாவதில்லை.

முட்டுக்கொடாமல் தொட்டால் செப்பனிடும் வேலையே கொலையாகும். நியூயார்க்கில் 1925இல் கட்டப்பட்ட வாகன நிறுத்தகம் ஒன்று 2023 ஏப்ரல் 18 அன்று அடுக்கடுக்காய்ச் சரிந்து ஓர் ஊழியர் மாண்டார். செப்பனிட வந்தவர்கள் பாரம் தாங்கிய தூணிலிருந்து செங்கற்களைப் பெயர்த்ததே காரணம் என்று விசாரணை சொன்னது.

இனிக் கனடா நாட்டுக்கு வா. ஒண்டாரியோ மாநிலத்தில் எலியட் லேக் என்றொரு சுரங்க நகரம். 1980இல் அங்கே ஒரு பெரிய அங்காடி திறக்கப்பட்டது. இடத்தைச் சிக்கனப்படுத்தி, அங்காடியின் கூரையையே வண்டி நிறுத்தும் தளமாக்கினர். திறந்த நாளிலிருந்தே ஒழுகியது அந்தக் கூரை. ஓராண்டன்று, ஈராண்டன்று, முப்பதாண்டுக்கு மேல் ஒழுகியது. அங்காடிக்குள்ளே வாளிகள் வைத்தனர். நெகிழித் தாள் கட்டினர். பனிநாட்டுச் சாலைகளில் பனி உருக உப்புத் தூவுவார்கள். வண்டிச் சக்கரம் அந்த உப்பை ஏற்றிவர, ஒழுகும் நீர் அதைக் கரைத்துக் கொண்டுபோய் எஃகு உத்திரங்களின் இணைப்பிலே ஊட்டியது. கட்டடம் ஒருவர் கைவிட்டு ஒருவர் கைமாறியது. ஒவ்வொருவரும் ஒட்டுப்போட்டனர், முழுத்தளத்துக்கும் நீர்த்தடுப்புச் செய்ய ஒருவரும் துணியவில்லை. 2012இல், இடிவதற்குச் சில வாரங்கள் முன்னர்கூட, பொறியாளர் ஒருவர் “கட்டடம் உறுதியாக இருக்கிறது” என்று சான்று தந்தார். அந்த ஆண்டு ஜூன் 23 அன்று வண்டித்தளம் பெயர்ந்து வீழ்ந்தது. கீழே பரிசுச்சீட்டு விற்கும் இடத்தில் நின்ற பெண்கள் இருவர் மாண்டனர். நீதிபதி பெலாஞ்சர் தலைமையில் அமைந்த ஆணையம் 2014இல் அறிக்கை தந்தது. எஃகைத் தின்றது துரு. ஆனால் உண்மைக் காரணம் மனிதரின் தவறே என்பது அவ்வறிக்கையின் முடிவு. உரிமையாளர், பொறியாளர், நகராட்சி, எவரையும் அது விட்டுவைக்கவில்லை.

அமெரிக்காவின் சர்ஃப்சைடு நகரத்தில் 2021 ஜூன் 24 அன்று இடிந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மாண்டவர் 98 பேர். நிலத்தடி வண்டிநிறுத்தத்துக்கு மேலிருந்த தளம் வாட்டமின்றி அமைக்கப்பட்டதால் நீர் தேங்குகிறது, நீர்த்தடுப்புக் கெட்டுவிட்டது என்று 2018இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற பேச்சு ஓய்வதற்குள் கட்டடம் ஓய்ந்தது. பணக்கார நாட்டிலும் இதுதான் கதை; ஆகவே “நாம் ஏழை நாடு” என்னும் சமாதானத்தை எவரும் என்னிடம் கொண்டுவர வேண்டா.

“நிதி இல்லை” என்பது அடுத்த பாட்டு. டி சிட்டர் என்னும் அறிஞர் 1984இல் ஒரு கணக்குச் சொன்னார். கட்டும்போதே ஒழுங்காகச் செய்ய ஒரு ரூபாய் என்றால், அதை விட்டுவிட்டுப் பின்னர்ப் பராமரிப்பில் சரிசெய்ய ஐந்து ரூபாய், கேடு தொடங்கியபின் செப்பனிட இருபத்தைந்து, முற்றியபின் நூற்றிருபத்தைந்து. நுண்கணக்காகக் கொள்ளாவிட்டாலும் போக்கு விளங்குகிறதல்லவா? நிதி இல்லாதவன்தானே முதல் ரூபாயை முந்திச் செலவிடவேண்டும்?

ஆனால் ஐந்து ரூபாய்ச் செலவுக்கு நாடா வெட்ட முடியாது! நீர்போக்கியின் குப்பையை அகற்றியதற்கு மேடை போட முடியாது. நீர்புகாப் படலத்துக்கு நினைவுக்கல் நட முடியாது. நூற்றிருபத்தைந்து ரூபாய்க்குப் புதுக்கட்டடம் எழுப்பினால் கல் உண்டு, கைத்தட்டல் உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தத்தோடு வருவன என்னென்ன என்று உனக்கே தெரியும். “இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்” என்னும் முழக்கம் ஏன் இனிக்கிறது என்று இப்போது விளங்குகிறதா? சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் அடுக்குமாடி வாகன நிறுத்தகங்கள் எழும்பிவிட்டன. வேண்டாமென்று சொல்லவில்லை, தெருவை அடைக்கும் வண்டிகளுக்கு இடம் வேண்டும். அவற்றின் மேல்தளத்து நீர்த்தடுப்பு எந்த ஆண்டு காலாவதியாகிறது, அதை மாற்றும் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். இன்றைய புதுக்கட்டடந்தான் முப்பதாண்டுக்குப் பின் பொறையாறு.

தமிழனுக்கு இது புதுப்பாடமா? குளத்தூர் என்னும் பெயரிலேயே குளம் இருக்கிறது. வெட்டியதோடு விட்டிருந்தால் அந்த வட்டாரத்து ஏரிகள் என்றோ தூர்ந்து மேடாகியிருக்கும். ஆண்டுதோறும் வண்டல் எடுத்து, கரையை உயர்த்தி, தூம்பையும் கலிங்கையும் பார்த்து, ஊரார் செய்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வேலை நின்ற இடங்களிலே ஏரியும் நின்றுபோயிற்று. இன்னொன்று சொல்கிறேன், கேள்: பொதுப்பணித்துறையை நம் பாட்டனார் ‘மராமத்து இலாகா’ என்றே அழைத்தனர். வேற்றுமொழிச் சொல்தான்; போனதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் அச்சொல்லின் பொருள் செப்பனிடுதல். சொல்லோடு சேர்த்துச் செயலையும் அல்லவா வழியனுப்பிவிட்டார்கள்!

ஆட்சி எவருடையது என்பதல்ல கேள்வி. நாளை நம்முடையதாயினும் இதே கேள்வியை நான் கேட்பேன். தனியார் பள்ளியிடம் கட்டட உறுதிச் சான்று கேட்கும் அரசு, அதே சான்றைத் தன் பணிமனை வாயிலிலும் மாட்டட்டும். கட்டிய ஆண்டு, கடைசியாக ஆய்ந்த நாள், ஆய்ந்தவர் பெயர், நீர்த்தடுப்புச் செய்த நாள், மறுபடி செய்யவேண்டிய நாள், இவ்வைந்தையும் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் வாகன நிறுத்தகத்திலும் திறப்புவிழாக் கல்லுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கட்டும். மல்லன் விடுமனுக்குக் கிடைத்த ஒரு வரி, இன்றைய கொத்தனாருக்கும் உதவிப் பொறியாளருக்கும் கிடைக்கட்டும். பெயர் எழுதப்படும் என்றால் வேலையும் ஒழுங்காக நடக்கும். நடக்காவிட்டால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

உனக்கும் வேலை உண்டு. வரும் வாரத்தில் கிளைத் தோழர் இருவரை அழைத்துக்கொண்டு உன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் பணிமனைக்கும் போ. ஓட்டுநரும் நடத்துநரும் உறங்கும் அறையைக் காட்டச் சொல். பழுப்புக் கறை எங்கே, விரிசல் எங்கே, கம்பி தெரியும் இடம் எங்கே என்று நாளிட்டு எழுது, படம் எடு. அண்ணாந்து பார்க்கும்போது அதன் நேர்க்கீழே நிற்காதே. பிறகு, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுது: இக்கட்டடத்தின் உறுதியைக் கடைசியாக ஆய்ந்தது எந்நாள், அவ்வறிக்கையின் படி ஒன்று தருக. முப்பது நாளுக்குள் அவர்கள் விடை தரவேண்டும். வந்த விடையை, வராவிட்டால் மனு கொடுத்த நாளை, ஊர்ப்பெயரோடு இந்தப் பகுதிக்கு அனுப்பு. அச்சிடுகிறோம்.