பராமரிப்பவருக்கும் பசிக்கும்

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட்டால், அந்த வீட்டில் ஒரு கூலி நின்றுபோகிறது. அந்தமானின் குட்வில் எஸ்டேட் போன்ற இடங்களில், பெரிய சிகிச்சை என்றால் சென்னைப் பயணச் செலவும் சேர்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரச் சொல்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில். கேரளம் அதற்கு முன்பே, 2010இல், பராமரிப்பவருக்கு உதவித்தொகை தரும் ஆஸ்வாசகிரணம் திட்டத்தைத் தொடங்கியது, முன்னோடி முயற்சிதான். ஆனால் மாதம் 600 ரூபாய். அதற்கும் கிராமக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு நாளொன்றுக்கு 55 ரூபாய்கூட இல்லை! மருந்துச் செலவையும் இழந்த கூலியையும் கழிக்காத வருமானச் சான்று எந்த வறுமையை அளக்கிறது? அந்தமான் தீவுகளை நேரடியாக ஆளும் மத்திய அரசு, நோயாளியின் தேவையையே அளவுகோலாகக் கொண்டு அங்கே இந்தப் படியை வழங்க வேண்டும்.