கூரையோடு முடிவதல்ல கடமை

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகமாவது இரவும் பகலும் இயங்க வேண்டும் என்று 2010-இல் பெரிய நகரங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சியின் ஆதரவுடன் தொண்டு நிறுவனங்கள் பெண்களுக்கெனத் தனிக் காப்பகங்களை நடத்துவது வரவேற்கத்தக்கது.

ஆனால், நடைபாதையிலிருந்து பிள்ளையோடு வரும் தாய்க்குப் பாயும் சோறும் மட்டும் போதாது. முகவரி இல்லாமல் குடும்ப அட்டை இல்லை; அட்டை இல்லாமல் மகளிர் உரிமைத்தொகை இல்லை. காப்பகத்தின் முகவரியிலேயே ஆதாரும் அட்டையும் வங்கிக் கணக்கும் கிடைக்க வழிசெய்ய வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தரவும் அது வகைசெய்கிறது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பைக் காப்பகத்துக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளி ஏற்கட்டும்.

வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு மனநல ஆலோசனை அவசியம். மகன் வளர்ந்துவிட்டான் என்று தாயிடமிருந்து அவனைப் பிரிக்கவும் கூடாது. வேலைக்குச் செல்லும் தாய்க்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும். வெளியேறும் நாளில் முன்பணமும் சில மாத வாடகையும் வேண்டும். இதற்கான நிதியை அரசு தனியாக ஒதுக்க வேண்டும். மீண்டும் தெருவுக்குத் திரும்பாத குடும்பங்களின் எண்ணிக்கையே காப்பகங்களின் வெற்றிக்கு அளவுகோலாகட்டும்.