மழையை அளக்கும் பிள்ளைகள்: வேல்ஸ் பள்ளிகளில் நமக்கொரு பாடம்

சென்ற ஆண்டு ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நடந்த சுற்றுச்சூழல் விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மரக்கன்று நட்டோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம். பிறகு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மண் வகைகளைப் பற்றிப் பேசினாள். வண்டல், கரிசல், செம்மண், சரளை என்று ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தாள். கைதட்டல் அடங்கியதும், "உங்க வயல்ல என்ன மண்ணும்மா?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய அப்பா பருத்தி விவசாயி. அந்தப் பள்ளிக்கூடம் நிற்பதே கரிசல் காட்டில்தான்.

அந்தப் பிள்ளையையோ அவளுடைய ஆசிரியரையோ நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தில் இருக்கும் மண் வேறு, காலில் ஒட்டும் மண் வேறு என்று பிள்ளைகளைப் பழக்கியது நாம் எல்லோரும்தான். இதே சிக்கல் மற்ற நாடுகளிலும் உண்டு. அதைச் சரிசெய்ய வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் முயற்சியை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மக்களைவிட ஆடுகள் அதிகம்

வேல்ஸ், பிரிட்டனின் மேற்குப் பகுதி. பரப்பளவில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குதான். மக்கள்தொகை சுமார் 31 லட்சம். செம்மறி ஆடுகளோ ஏறக்குறைய 90 லட்சம். நிலத்தின் பெரும்பகுதி மேய்ச்சலுக்கான புல்வெளி.

உழவியல் படித்தவர்களுக்கு அங்குள்ள அபரிஸ்ட்வித் என்ற ஊர் பழகிய பெயர். 1919-ல் அங்கே தொடங்கிய பயிர் இனப்பெருக்க நிலையத்தில்தான் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் புல்வெளி ஆராய்ச்சியை வளர்த்தார். நம் நாட்டுக்கும் அந்த ஊரோடு தொடர்பு உண்டு. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் கம்பு வீரிய ஒட்டு ரகமான எச்.எச்.பி. 67 இம்ப்ரூவ்டு, 2005-ல் அரியானா, ராஜஸ்தான் மானாவாரி விவசாயிகளுக்கு வந்தது. அதன் உருவாக்கத்தில் ஐதராபாத் இக்ரிசாட் நிறுவனத்தோடு அபரிஸ்ட்வித் விஞ்ஞானிகளும் சேர்ந்து உழைத்தார்கள்.

மேய்ப்பரின் சொல், பாடத்திட்டத்தில்

வேல்ஸ் மொழியில் 'கனெவின்' என்றொரு சொல் உண்டு. மலையில் ஆடுகள் பழகிய இடத்தை மேய்ப்பர்கள் அப்படிச் சொல்வார்கள். அங்கே மலை மேய்ச்சல் நிலங்களில் பெரும்பாலும் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேயும். எங்கே தண்ணீர், எங்கே பனிக்கு ஒதுங்கலாம் என்பதைத் தாய் ஆட்டின் பின்னால் நடந்தே குட்டி கற்றுக்கொள்ளும். நம் ஊரில் கிடை போடும் கீதாரிகளிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. வேல்ஸின் ப்ரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியிலும் மந்தைகள் அழிக்கப்பட்டன. புதிதாக ஆடுகளை வாங்கி விடலாம். ஆனால் அந்த ஆடுகளுக்கு அந்த மலை தெரியாது. சொல்லித்தரத் தாய் ஆடும் இல்லை. ஒரு தலைமுறை அறுந்தால் நிலத்தைப் பற்றிய அறிவும் சேர்ந்தே அறுந்துபோகிறது.

2022 செப்டம்பரில் வேல்ஸ் தன் பள்ளிகளில் புதிய பாடத்திட்டத்தைத் தொடங்கியது. அந்த மேய்ப்பர் சொல்லை அதில் சேர்த்துக்கொண்டார்கள். 'கனெவின்' என்றால் நாம் பிறந்து வளர்ந்து, நமக்குச் சொந்தம் என்று உணரும் இடம். அறிவியலானாலும் வரலாறானாலும் பிள்ளையின் சொந்த இடத்திலிருந்து தொடங்கி உலகத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே புத்தகம் என்ற முறை இல்லை. அரசு ஒரு சட்டகத்தைத் தருகிறது. பாடத்தை ஒவ்வொரு பள்ளியும் தன் ஊருக்கு ஏற்ப வடிவமைத்துக்கொள்கிறது.

பூ எப்போது பூத்தது?

அங்குள்ள கல்வி வளங்களில் என்னை மிகவும் கவர்ந்தது, தேசிய அருங்காட்சியகம் 2005 முதல் நடத்திவரும் ஒரு திட்டம். இலையுதிர் காலத்தில் பள்ளிகளுக்கு டாஃபடில், குரோக்கஸ் ஆகிய பூச்செடிகளின் கிழங்குகள் அனுப்பப்படுகின்றன. டாஃபடில் வேல்ஸின் தேசிய மலர். பிள்ளைகள் அவற்றைத் தொட்டியில் நட்டு, நவம்பர் முதல் மார்ச் வரை பள்ளி நாட்களில் வெப்பநிலையையும் மழையையும் அளந்து எழுதுகிறார்கள். பூ பூத்த தேதியையும் செடியின் உயரத்தையும் குறித்து அனுப்புகிறார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். ஒரே வகைக் கிழங்கு, ஒரே பருவம், ஒரே முறை. ஆனால் நூற்றுக்கணக்கான இடங்கள். ஆராய்ச்சி நிலையங்களில் இதைப் பல்லிடச் சோதனை என்போம். ஒரு புதிய நெல் ரகத்தை வெளியிடும் முன் நாங்கள் செய்வதும் இதுதான். அங்கே அதைப் பத்து வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள். 2013 மார்ச்சில் பிரிட்டனில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் அடித்தது. அந்த ஆண்டு பூக்கள் பிந்தின. பருவநிலை மாற்றம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் பார்த்த பனிக்கரடி அல்ல. தங்கள் தொட்டியில் பூ தள்ளிப்போன நாட்களை எண்ணி அறிந்த விஷயம்.

இன்னும் இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். வேல்ஸின் இயற்கை வள அமைப்பு, பள்ளிப் பிள்ளைகள் உள்ளூர் ஓக் மரங்களிலிருந்து சேகரித்துத் தரும் விதைகளைப் பணம் கொடுத்து வாங்கி, நாற்றங்காலில் கன்றாக்குகிறது. நடுவதற்கு முன்னால் தாய் மரத்தைத் தேடிப் போகிறது பிள்ளை. அடுத்தது 'ஈகோ ஸ்கூல்ஸ்' என்ற உலகளாவிய திட்டம். அதில் மாணவர்களே ஒரு குழு அமைத்து, தங்கள் பள்ளியில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது, எவ்வளவு குப்பை சேர்கிறது என்று முதலில் ஆய்வு செய்கிறார்கள். அதன் பிறகே என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார்கள். மண் பரிசோதனை செய்த பிறகு உரம் இடுங்கள் என்று உங்களிடம் நாங்கள் சொல்கிறோமே, அதே ஒழுங்குதான்.

இந்த வளங்களில் பெரும்பாலானவை இலவசம். ஆங்கிலத்தோடு வேல்ஸ் மொழியிலும் கிடைக்கின்றன. 2021 கணக்கெடுப்பின்படி அந்த மொழி பேசுவோர் 17.8 சதவீதம்தான். ஆனால் விவசாயத்தில் இருப்போரிடம் அந்த விகிதம் மிக அதிகம். புல்லுக்கும் மண்ணுக்கும் உள்ள வீட்டுச் சொல் வகுப்பறையிலும் ஒலித்தால்தான் தாத்தாவும் பேரனும் ஒரே விஷயத்தைப் பேச முடியும்.

குறைகளும் உண்டு

வேல்ஸில் எல்லாம் பொன் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். 15 வயது மாணவர்களுக்கான பீசா தேர்வின் 2022 முடிவுகளில் வேல்ஸ், பிரிட்டனின் நான்கு பகுதிகளில் கடைசியில் நின்றது. அறிவியலில் அதன் மதிப்பெண் 473. தேர்வு எழுதியவர்கள் புதிய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் அல்ல என்பது உண்மை. என்றாலும் பள்ளிக்குப் பள்ளி பாடத்தை வடிவமைப்பது ஆசிரியர் மேல் பெரிய சுமை. நல்ல ஆசிரியர் உள்ள இடத்தில் பாடம் சிறக்கும், இல்லாத இடத்தில் மெலியும் என்ற விமர்சனமும் நியாயமானது.

இன்னொரு பிரச்சினை நமக்கு நெருக்கமானது. 2024 பிப்ரவரி 28 அன்று வேல்ஸ் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு கார்டிஃப் நகரில் உள்ள நாடாளுமன்றத்தின் முன் போராடினார்கள். மானியம் பெற வேண்டுமானால் பண்ணையில் 10 சதவீதப் பரப்பில் மரங்கள் இருக்க வேண்டும் என்று புதிய திட்டம் கூறியதே முக்கியக் காரணம். அடுத்த வாரம் நாடாளுமன்றப் படிக்கட்டுகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸ்களை வரிசையாக வைத்தார்கள். பறிபோகும் என்று அவர்கள் அஞ்சிய வேலைகளின் அடையாளம் அவை. பின்னர் அரசு அந்த 10 சதவீதக் கட்டாயத்தைக் கைவிட்டது.

அந்த நாட்களில் ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மாடும் ஆடும் மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன என்பது அறிவியல் உண்மை. அதைச் சொல்லித்தர வேண்டும். ஆனால் அதை மட்டும் சொன்னால், "உன் அப்பா செய்வது தப்பான தொழில்" என்றுதான் அந்தப் பிள்ளையின் காதில் விழும். நம் ஊரிலும் இதே கதைதான். "ரசாயன உரம் மண்ணைக் கெடுக்கும்" என்று பள்ளியில் எழுதிவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் யூரியா மூட்டையைப் பார்க்கிறது. எவ்வளவு இட்டால் பயிருக்கு, எவ்வளவுக்கு மேல் கேடு என்ற கணக்கை அதற்கு யாரும் சொல்லவில்லை. அறிவியல் என்பதே அந்தக் கணக்குதான்.

விவசாயியை ஒதுக்கிவைத்த சுற்றுச்சூழல் கல்வி அரைக் கல்வி. அதை உணர்ந்துதான் வேல்ஸில் விவசாயிகள் சிலரே ஒன்றுசேர்ந்து மாடுகளையும் ஆடுகளையும் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்று, பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

வேல்ஸின் குளிரும் பூவும் நமக்கு வேண்டாம். அவர்கள் தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளிகளில் தேசிய பசுமைப் படையும் சுற்றுச்சூழல் மன்றமும் இருக்கின்றன. ஆண்டுக்கொரு விழாவோடு அவை முடிந்துவிடாமல் இருக்க, ஒரு மழைமானி போதும்.

அடி தட்டையான, பக்கம் நேரான எந்தப் பாத்திரமும் மழைமானி ஆகும். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்காதீர்கள். திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அளவுகோலால் அளக்க வேண்டும். பாத்திரத்தில் 10 மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும்.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும். அளக்க மறந்த நாளில் 0 எழுதக் கூடாது. காலியாக விட வேண்டும். அளக்காததை அளந்ததாக எழுதாத நேர்மையே அறிவியலின் முதல் பாடம்.

அந்தக் குறிப்பேட்டில் இன்னொரு கட்டமும் இருக்கட்டும். "உழவு மழையா?" என்று வீட்டில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, "இது ஒரு உழவு மழை" என்று தாத்தா சொல்வார். பள்ளியின் மழைமானி 30 மில்லிமீட்டர் காட்டியிருக்கும். கரிசலில் ஒரு கணக்கு, செம்மண்ணில் ஒரு கணக்கு என்பது அப்போது பிள்ளைக்குப் புரியும். தாத்தாவின் அறிவும் ஒரு அளவுதான் என்பதும் புரியும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களே, மண் மாதிரி எடுக்கப் போகும் நாளில் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறும் வேளாண் கல்லூரி மாணவர்களிடம் இந்த மழைக் குறிப்பேட்டுப் பொறுப்பைக் கொடுங்கள். விவசாயிகளே, அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, கட்டடம், கழிப்பறை பற்றிக் கேட்பதோடு, "எங்க வயலுக்குப் பிள்ளைகளை எப்போ கூட்டிட்டு வர்றீங்க, சார்?" என்றும் கேளுங்கள். ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். இதுவரை யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் எல்லோரும் விவசாயம்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாக்டராகட்டும், கணினி நிறுவனத்துக்குப் போகட்டும். ஆனால் தன் ஊர் மண்ணின் பெயர் தெரியாமல் போக வேண்டாம். தாய் ஆட்டின் பின்னால் நடந்து குட்டி மலையைக் கற்கிறது. நம் பிள்ளைகள் பின்னால் நடந்து வரத் தயாராகத்தான் இருக்கிறார்கள். முன்னால் நடக்க வேண்டியவர்கள் நாம்.

- கட்டுரையாளர், உழவியல் விஞ்ஞானி