ஓதும் பிள்ளை கதையும் சொல்லட்டும்

புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் நம் வீடுகளில், மஃரிபுக்குப் பின் நான்கு வயதுப் பிள்ளை 'அலம்தர' சூராவைப் பிழையின்றி ஓதும்போது மாஷா அல்லாஹ் என்று மகிழ்கிறோம். யானைகளோடு வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், பிள்ளை நம் முகத்தையே பார்க்கிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. அவ்வயதில் ஒரு கதையைக் கோவையாகச் சொல்ல, நாவோடு கையும் காலும் துணைவர வேண்டும். தலையணைகளை யானைகளாக நிறுத்தி, காகித உருண்டைகளை ஏந்திப் பறவையாகப் பறக்கவிடுங்கள். முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்பது தானாகவே வாயில் வரும்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று தயங்குவோர், அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்றார்கள் அன்னையவர்கள். நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கேட்ட கதை விளையாட்டில் வெளிப்பட்டது, அது கண்டிக்கப்படவில்லை.

எனினும் அதபு பேணப்பட வேண்டும். நபிமார்களாக எவரும் நடிக்கலாகாது. அவர்களைப் பற்றிய பகுதியைப் பெரியவர்கள் வாய்மொழியாகவே சொல்லட்டும். பிள்ளை, தன் கூட்டத்தை எச்சரித்த எறும்பாகட்டும். செய்தி கொணர்ந்த ஹுத்ஹுத் பறவையாகட்டும்.

சிகாகோவில் மழலையர் ஆசிரியையாக இருந்த விவியன் பேலி, பிள்ளைகள் சொன்ன கதைகளைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, அவர்களையே நடிக்கச் செய்தார். மூன்று முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக 2022இல் வெளியான நம் நாட்டின் கலைத்திட்ட வரைவும் விளையாட்டையும் கதையையும் கல்வியின் நடுவில் வைக்கிறது. நாமோ பிள்ளை ஒரு சொல் தவறியவுடன் குறுக்கிட்டுத் திருத்துகிறோம். அதன் பிறகு அது பேசுவதில்லை. முழுதும் சொல்ல விடுவோம். பிழையிருந்தால், மறுநாள் நாம் அக்கதையைச் சரியாகச் சொன்னால் போதும்.

நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் வளர்கிறார்கள். இங்குள்ள பிள்ளைகளுக்கும் பள்ளியில் ஆங்கிலமே. நன்னிமாவின் தமிழ் அவர்கள் நாவில் தங்க வேண்டுமானால், அவர் சொன்ன கதையை அவர் முன்னால் விளையாடிக் காட்டட்டும். ஓதலுக்குப் பின் கால்மணி நேரம் அதற்கு ஒதுக்குவோம். பொருளறிந்து ஓதும் தலைமுறைக்கு அதுவே தொடக்கமாக அமையும், இன்ஷா அல்லாஹ்.