தொழிலும் ஆக்கிரமிப்பும்

ஆங்கில விண்ணப்பப் படிவங்களில் 'ஆக்குபேஷன்' என்றொரு கட்டம் உண்டு. நெட்டுக்குப்பத்துத் தகப்பன் அதில் மீன்பிடித்தல் என்று எழுதுகிறார். படைகொண்டு பிறர் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கைப்பற்றுதல் என்னும் இலத்தீன் வினையே இரண்டுக்கும் வேர். தமிழோ தொழில் வேறு, ஆக்கிரமிப்பு வேறு என்று தெளிவாகப் பிரித்துவைத்தது. ஆனால் ஆக்கிரமிப்பு என்னும் சொல்லை நாம் யார்மீது வீசுகிறோம்?

கரையோரம் ஏழை குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு. 1994 முதல் இயங்கிவரும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து, ஆழம் குறைந்து, இறாலும் நண்டும் அருகிப்போனால் அது வளர்ச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்களே வாளிகளில் அதை அள்ளினார்கள். அதற்கு விபத்து என்று பெயர்!

துப்பாக்கி இல்லாததால் இது ஆக்கிரமிப்பு ஆகாதோ? இலங்கையின் இரணைதீவைப் பாருங்கள். 1992இல் போரினால் வெளியேறிய கத்தோலிக்க மீனவர்கள், தீவு கடற்படையின் பிடியில் இருந்ததால், போர் முடிந்த பின்னும் ஊர் திரும்ப இயலவில்லை. 2017 மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளன்று, போராட்டம் தொடங்கினர். 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் சென்று தங்கள் தீவில் இறங்கினர். கரையை இழந்தவன் தொழிலையும் இழக்கிறான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பறிப்பது படையா ஆலையா என்பதால் வலைக்கு என்ன வேறுபாடு?

'மின்சாரம் வேண்டாமா? இழப்பீடுதான் தருகிறார்களே' என்பார் உளர். ஆகாபு அரசனும் நாபோத்துக்கு வேறு தோட்டமோ விலையோ தருவதாகத்தான் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்து விற்பனைக்கு அன்று என்றான் நாபோத்து. அவன் மறுப்பை விவிலியம் பேராசை என்றோ, நாட்டு வளர்ச்சிக்குத் தடை என்றோ குறிக்கவில்லை. கண்டனம் அரசனுக்கே கிடைத்தது.

நம் இல்லங்களில் எரியும் விளக்குக்கு ஒரு கழிமுகம் விலை கொடுத்திருக்கிறது. ஆகவே இவ்வழக்கில் நாம் வெறும் பார்வையாளர் அல்லர். அப்பத்தையும் மீனையும் ஆசீர்வதித்த ஆண்டவரின் பந்தியில் அமரும் நாம், மீனவனை ஆக்கிரமிப்பாளன் என்று அழைப்பதையாவது இன்றோடு நிறுத்துவோம். அச்சொல்லை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்போம்.