சுவரினுள் மறைந்த மின்கம்பி



சென்ற நவராத்திரிக்கு முந்திய நாள். கொலுவுக்குத் தோரணம் கட்டுவதற்காக என் மகன் கூடத்துச் சுவரில் ஆணி அடித்தான். ஒரு பொறி பறந்தது. வீடு முழுவதும் இருண்டது. ஆணி நிலைகொண்டு, அவன் இடக்கையை எடுத்த பின் விழுந்த அடி அது. வலக்கையில் இருந்தது சுத்தியலின் மரப்பிடி. ஒரு கணம் முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுதவும் மனம் துணியவில்லை.

பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். ஆறு திங்களுக்கு முன் வயரிங் மாற்றியவர், குழாயின்றிக் கம்பியைக் காடியில் கிடத்தி, மேலே சிமெண்டைப் பூசிவிட்டிருந்தார். அதுவும் சுவிட்சிலிருந்து விளக்குக்குக் குறுக்காக! அருகிருந்து கவனியாதது என் பிழை.

இந்நகருக்கு மின்சாரம் வந்தது 1929-இல். அந்நாளைய கம்பிகள் மரச்சட்டங்களின்மேல் கண்ணெதிரே ஓடின; ரப்பர் உறை வெடித்தால் எவரும் காணலாம். இன்று அழகு கருதிச் சுவருக்குள் மறைக்கிறோம்.

கரமனை, வலியசாலைத் தெருக்களில் நம்மவர் வாழும் பழைய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரு வீட்டுக்கும் ஒரே சுவர். அடுத்த வீட்டு மாமி படம் மாட்ட அடிக்கும் ஆணி நம் கம்பியில் பாயக்கூடும்! ஆதலால் பொதுச்சுவரில் கம்பி பதிக்கவே வேண்டாம் என்பேன். வேறு வழியில்லையெனில் குழாயைச் சுவரின் மேலேயே ஓட்டுங்கள். அழகு குறைந்தால் குறையட்டும்.

ஏனைய சுவர்களில் முதலில் பி.வி.சி. குழாயைப் பதித்து, பூச்சு உலர்ந்த பின்னரே கம்பியை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கொத்தனாரின் கரண்டி கம்பியில் படாது. பிற்காலத்தில் சுவரை இடிக்காமல் உருவி மாற்றவும் இயலும். குழாய் சுவிட்சிலிருந்து நேர் மேலாகவோ நேர் பக்கமாகவோ செல்லட்டும், குறுக்கே வேண்டாம். கம்பி இழுத்து முடிந்ததும், இணைப்புக் கொடுக்குமுன் 500 வோல்ட் மெகர் கருவியால் அதன் உறையைச் சோதிக்கச் செய்யுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் இருக்கட்டும், ஆயினும் அது ஆணியைத் தடுக்காது.

பூசுமுன் அளவு நாடாவைச் சுவரில் பிடித்துப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் படங்களின் ஒரு படியை அடுத்த வீட்டாருக்கும் கொடுத்திருக்கிறேன். அவர்களுடையது இன்னும் வரவில்லை.